ஸம்ஸம் நீரும் சோதனைக்கூடமும்

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் தவிப்புக்கு விடையாய்ச் சுரந்த நீரைச் சோதனைக்கு அனுப்புவது ஈமானுக்கு உகந்ததா என நம்மில் சிலர் தயங்குவதுண்டு.

1880களின் தொடக்கம், ஹாஜிமார்களைக் காலரா வாரிக்கொண்டு போன காலம். ஜித்தாவின் பிரிட்டிஷ் தூதரகம் அனுப்பிய ஸம்ஸம் நீரை ஆய்ந்த லண்டன் வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட், அதில் கழிவுநீர் கலந்திருப்பதாக அறிவித்தார். உஸ்மானியர் சினந்து மறுத்தனர். குற்றச்சாட்டின் பின்னே காலனி அரசியலும் இருந்தது. ஆயினும் மறுப்பதற்கு அவர்களும் வேதியியல் ஆய்வையே நாடினர்.

கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 30 மீட்டர். மேலே மணற்படுகை, கீழே பாறை. சுற்றிலும் நகரம் நெருங்க நெருங்க, படுகை வழியே அழுக்கு இறங்கும் அச்சமும் வளர்ந்தது. 1979இல் பொறியாளர் யஹ்யா கோஷக் தலைமையில் முக்குளிப்போர் இறங்கி, உள்ளே கிடந்த வாளிகளையும் நாணயங்களையும் அள்ளித் தூய்மை செய்தனர். 2010இல் மக்காவின் குதைப் பகுதியில் ஆலை எழுந்தது. அங்கே நீரை வடிகட்டிப் புறஊதாக் கதிரால் கிருமி நீக்குகின்றனர். குளோரின் கலப்பதில்லை, சுவை கெட்டுவிடுமல்லவா!

அன்று ஹாஜிமார்கள் ஈயம் வைத்து அடைத்த தகரங்களில் சுமந்து வந்த நீர், இன்று முத்திரையிட்ட 5 லிட்டர்க் குடுவையில் நம் வீடு சேர்கிறது.