வானொலி வகுப்பிலிருந்து இயங்கலை வகுப்புக்கு

நம் நாட்டில் கல்வி வானொலி 1966இல் தொடங்கியது. 1972இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டும் பாடத்தைக் கொண்டு வந்தன. பள்ளி நடக்கும் முறையை அவை தொடவில்லை. மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு.

முறையை மாற்றியது 2020. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சுங்கை சோ வட்டாரத்திலும் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஜூனில் கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் கற்றல் தளத்தைத் திறந்தது. தளம் வந்தது சரி. வீட்டில் கைப்பேசி ஒன்றுதானே, அதுவும் அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய்விடும்! காலை எட்டு மணிக்கு நாங்கள் அழைத்தால் பதில் சொல்ல யார் இருந்தார்கள்? ஆகவே வகுப்பை இரவுக்கு மாற்றினோம். கால அட்டவணையைப் பெற்றோரைக் கேட்டு எழுதினோம். அதற்குமுன் அப்படிக் கேட்டதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இணையம் எட்டாத வீடுகளுக்குப் பயிற்சித் தாள்கள் போயின.

எங்களுக்குள்ளும் மாற்றம் நேர்ந்தது. இருபதாண்டு அனுபவமுள்ள நாங்கள், புதிதாய் வந்த இளம் ஆசிரியையிடம் காணொலி வகுப்பு நடத்தக் கற்றுக்கொண்டோம். முதலில் வெட்கமாய்த்தான் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது கரும்பலகையில் எழுதும் முறையைத்தான்.

பள்ளி திறந்த பிறகும் பெற்றோரின் புலனக் குழு கலையவில்லை. மாலையானால் யாராவது ஒரு தாய் கேட்கிறார்: "சார், நாளைக்கு என்ன பாடம்?"