விதையும் விடுதலையும்

கல்வி மறுக்கப்பட்ட வரலாற்றை நாம் நன்கறிவோம். விதைக்காகப் பிறர் வாயிலில் நின்ற வரலாறும் அதற்கு இணையானதே.

தெலங்கானாவின் சகீராபாத் வட்டாரம் மழையை நம்பிய புன்செய் நிலம். அங்கு விதைப்புக் காலந்தோறும் நிலக்கிழாரை எதிர்நோக்கியிருந்த தாழ்த்தப்பட்ட மகளிர், 1983-இல் தோன்றிய தக்காண வளர்ச்சிக் கழகத்தின் வழியே சங்கங்களாகத் திரண்டனர். சோளம், தினை, சாமை, துவரை முதலிய நாட்டு விதைகளைத் தேடிச் சேர்த்தனர். சாம்பலும் வேப்பிலையும் இட்டுக் கூடைகளில் காத்தனர். சங்கத்தில் விதை பெற்றவர் அறுவடைக்குப்பின் கூடுதலாக அளந்து திருப்புவது முறை. வட்டி பணமாக அன்றி விதையாகவே வந்தமையால், கடன் எவரையும் அடிமையாக்கவில்லை, களஞ்சியமே வளர்ந்தது. 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு இக்கழகத்தை நாடி வந்தது.

விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவர்க்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது; பாதுகாக்கப்பட்ட இரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே விலக்கியது. ஆயினும், கையில் விதையில்லார்க்கு ஏட்டிலுள்ள உரிமையால் என்ன பயன்?

எழுத்தறியாதவர் எனப்பட்ட அம்மகளிரே விதையறிவில் நமக்கு ஆசிரியர். அவ்வறிவையும் நம் பிள்ளைகளின் பாடமாகக் கொள்வோமாக.