தேசத்துக்குப் பிணைநின்ற வணிகர்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் வாளேந்திய வாஷிங்டனையும் எழுதுகோல் ஏந்திய ஜெபர்சனையும் நாம் நினைவுகூருகின்றோம். அந்தப் படைக்குச் சோறும் சம்பளமும் எங்கிருந்து வந்தன என்று வினவினால், றொபேட் மொறிஸ் என்னும் வணிகரின் பெயரைச் சொல்லவேண்டும்.

1734ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்த மொறிஸ், இளமையிலேயே மேரிலாந்தில் புகையிலை வாணிகம் செய்த தந்தையிடம் வந்துசேர்ந்தார். பின்னர் பிலடெல்பியாவிற் பணிபுரிந்து, 1757இல் தோமஸ் வில்லிங்குடன் பங்காளியானார். அவர்களது நிறுவனம் கடல் வாணிகத்திற் செழித்தது. அடிமை வாணிகத்திலும் ஈடுபட்டது. அது அவர் வாழ்வில் அழியாத மறுவாகும்.

1776 யூலை 2ஆம் நாள் விடுதலைத் தீர்மானம் வாக்குக்கு வந்தபோது, காலம் இன்னும் கனியவில்லை எனக் கருதிய மொறிஸ் வாக்களியாது விலகி நின்றார். ஆயினும், முடிவு செய்யப்பட்டபின் அதனை ஏற்று, ஓகஸ்ட் மாதத்திற் பிரகடனத்திற் கையொப்பமிட்டார்.

அன்றைய காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. பணம் தருமாறு மாநிலங்களைக் கேட்கலாம், வற்புறுத்த இயலாது. அச்சிட்ட காகித நாணயமோ மதிப்பிழந்து போயிற்று. 1781இல் நிதிப் பொறுப்பாளராகிய மொறிஸ், தம் சொந்தக் கையொப்பமிட்ட கடன்சீட்டுகளை வழங்கினார். அரசின் வாக்கை நம்பாதோரும் அவர் வாக்கை நம்பினர். யோர்க்டவுனை நோக்கிச் சென்ற படையினரின் சம்பளத்துக்குப் பிரெஞ்சுக்காரரிடம் கடன் பெற்றார். அவ்வாண்டு ஒக்டோபரிற் பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிஸ் சரணடைந்தார்.

ஆனால், தனியொருவர் பிணையில் ஒரு நாடு எத்தனை காலம் நிற்கும்? இறக்குமதிப் பொருள்களுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை விதிக்கும் திட்டத்துக்குப் பதின்மூன்று மாநிலங்களும் இணங்கவேண்டியிருந்தது. 1782இல் றோட் தீவு மறுத்தது, திட்டம் வீழ்ந்தது. அக்குறையை நீக்கி மத்திய அரசுக்கு வரி அதிகாரம் தந்த 1787ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் மொறிஸ் கையொப்பமிட்டார். 1789 முதல் 1795 வரை செனற் சபையில் அமர்ந்தார்.

நாட்டைக் காத்த அதே துணிவு அவரை வீழ்த்தியது. விலை உயரும் என்று நம்பிக் கடன்பட்டுப் பெருநிலங்களை வாங்கினார்; வாங்குவோர் வரவில்லை. 1798இற் கடனாளர் சிறை புகுந்தார். வாஷிங்டன் அங்கு சென்று அவருடன் உணவருந்தினார். 1801இல் விடுதலை பெற்ற மொறிஸ், 1806இல் வறியவராய் மறைந்தார்.

வருவாய்க்கு வழிவகுத்துக்கொண்ட அரசு நிலைத்தது. வருவாயை எதிர்பார்த்தே கையொப்பமிட்ட வணிகர் நிலைக்கவில்லை.