எகிப்துப் பாலைநிலத்தில் வேரூன்றிய குறுஞ்செபம்

கவலை மிகும் வேளையில் நீண்ட செபங்களில் மனம் நிலைப்பதில்லை. அவ்வாறு நிலைக்காததை நம்பிக்கைக் குறைவு என்று எண்ணித் தன்னையே நொந்துகொள்பவரின் துன்பம் இருமடங்காகிறது. இந்த உண்மையைக் கிறிஸ்தவ மரபு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி மன்றாடும் குறுஞ்செபத்தின் வரலாறு, கலங்கிய மனங்களை அந்த மரபு எவ்வளவு பரிவோடு அணுகியது என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில், வனத்து அந்தோணியாரின் தவவாழ்வால் ஈர்க்கப்பட்ட பலர், நைல் கழிமுகத்தை அடுத்த பாலைநிலத்தில் நித்ரியா, கெல்லியா, ஸ்கேதிஸ் ஆகிய இடங்களில் குடியேறினர். ‘கெல்லியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் ‘சிற்றறைகள்’ என்பது பொருள். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தொலைவில் அமைந்த அந்த அறைகளில் துறவிகள் வார நாள்களைத் தனிமையில் கழித்து, ஓலையால் கயிறும் கூடையும் முடைந்து, சனி ஞாயிறுகளில் மட்டும் ஆலயத்தில் கூடினர். அமைதியை நாடி வந்த அவர்கள், ஊரில் இருந்தபோது வேலைகளின் இரைச்சலில் அடங்கிக் கிடந்த அச்சங்கள் தனிமையில் தலைதூக்குவதைக் கண்டனர்.

அந்த அச்சங்களை நுணுகி ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் வடபகுதியான போந்துஸ் நாட்டில் பிறந்த இவர், கான்ஸ்டாண்டிநோபிளில் பெரும்புகழ் பெற்றிருந்த காலத்தில், மணமான ஒரு பெண்மீது கொண்ட காதலால் நிலைகுலைந்து எருசலேமுக்குச் சென்றார். அங்கே மருத்துவருக்கும் பிடிபடாத காய்ச்சலில் பல மாதங்கள் கிடந்தார். பின்னர் மெலானியா என்ற துறவுப் பெண்மணியின் அறிவுரைப்படி எகிப்துக்குப் போய், 399இல் இறக்கும்வரை நித்ரியாவிலும் கெல்லியாவிலும் வாழ்ந்தார். அவருடைய மாணவர் பல்லாதியுஸ் எழுதிவைத்த இந்த வாழ்க்கைக் குறிப்பு, கலக்கத்தை ஏட்டில் மட்டும் படித்தறிந்தவர் அல்லர் எவாக்ரியுஸ் என்பதைக் காட்டுகிறது.

மனத்தைத் தாக்குபவற்றை எவாக்ரியுஸ் ‘லோகிஸ்மோய்’, அதாவது எண்ணங்கள், என்று அழைத்து எட்டாக வகைப்படுத்தினார். அவற்றுள் ‘அக்கேதியா’ என்பது சோர்வும் நிலைகொள்ளாமையும் கலந்த நிலை. காலை பத்து மணியளவில் அது துறவியைப் பற்றும்போது கதிரவன் நகராமல் நிற்பதுபோலவும், பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோலவும் தோன்றும் என்றும், அவர் மீண்டும் மீண்டும் சன்னலை நோக்குவார், வெளியே வந்து உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கதிரவனைப் பார்ப்பார், யாரேனும் வருகிறார்களா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார் என்றும் எவாக்ரியுஸ் விவரிக்கிறார். முதுமை நீளுமோ, கைகள் உழைக்க முடியாமல் போகுமோ, பஞ்சமும் நோயும் வருமோ, பிறரிடம் கையேந்தும் இழிவு நேருமோ என்ற எதிர்காலக் கவலைகளை அவர் பொருளாசையின் கீழ் வைத்தார். செல்வத்தைச் சேர்க்கத் தூண்டும் வேர் பெரும்பாலும் அச்சமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இத்தகைய எண்ணங்கள் வருவதும் வராததும் மனிதரின் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததுமே மனிதரின் கையில் உள்ளன என்பது எவாக்ரியுஸின் அடிப்படைக் கொள்கையாகும். கவலை எழுவது பாவமன்று என்று இதனால் தெளிவாயிற்று. கவலையுற்றவர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்ளாமல், வந்த எண்ணத்தைப் பெயரிட்டு அடையாளம் கண்டு அதற்கு மறுமொழி கூறும் வழியும் திறந்தது. பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட இயேசு மறைநூல் வசனங்களால் பதிலளித்ததை முன்மாதிரியாகக் கொண்டு, ‘மறுமொழி’ என்று பொருள்படும் ‘அந்திர்ரெத்திகோஸ்’ என்ற நூலை எவாக்ரியுஸ் தொகுத்தார். எட்டுப் பகுதிகள் கொண்ட அந்த நூலில், இரவில் தோன்றும் திகில் உட்பட ஏறத்தாழ 500 எண்ணங்கள் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சொல்லத்தக்க ஒரு விவிலிய வசனம் தரப்பட்டுள்ளது. கிரேக்க மூலம் மறைந்துபோயினும் சிரியாக், அர்மேனிய மொழிபெயர்ப்புகளில் நூல் பிழைத்திருக்கிறது.

இத்தனை வசனங்களையும் நினைவில் வைக்க இயலாதவருக்கு அதனினும் எளிய வழி ஒன்றும் இருந்தது. எவ்வாறு செபிப்பது என்று வினவியவர்களுக்கு, பல சொற்கள் வேண்டியதில்லை, கைகளை விரித்து ஆண்டவரின் இரக்கத்தைக் கேட்டால் போதும், போராட்டம் கடுமையானால் உதவி கேட்டால் போதும் என்று மக்காரியுஸ் என்னும் முதிய துறவி விடையளித்ததாகப் பாலைநிலத் தந்தையரின் மொழித்தொகுப்பு கூறுகிறது. எகிப்தில் பல ஆண்டுகள் தங்கிய யோவான் கசியான், பின்னர் தென் பிரான்சின் மர்செய் நகரிலிருந்து எழுதிய ‘உரையாடல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், கடவுளின் துணையை விரைந்து வேண்டும் திருப்பாடல் 70இன் முதல் வசனத்தை இடைவிடாத செபமாகப் பரிந்துரைத்தார்; உறக்கம் வராத இரவுக்கும், காரணமற்ற அச்சத்துக்கும், மகிழ்ச்சிக்கும்கூட அது பொருந்தும் என்று அடுக்கிக் காட்டினார். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் ஒழுங்குநூலில் அந்த வசனத்தைப் பகல்நேரச் செபங்களின் தொடக்கத்தில் அமைத்தார். தமிழில் ‘திருப்புகழ்மாலை’ எனப்படும் கத்தோலிக்க மன்றாட்டு நூலிலும் அது இன்றுவரை தொடர்கிறது.

410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது வட ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்த புரோபா என்ற கைம்பெண், எவ்வாறு செபிக்க வேண்டும் என்று ஆயர் அகுஸ்தினாரிடம் கேட்டார். நாடும் வீடும் இழந்த அந்தப் பெண்ணுக்கு எழுதிய மடலில் அவர் எகிப்தியத் துறவிகளின் பழக்கத்தை நினைவூட்டி, அவர்கள் எய்யப்படும் அம்புபோன்ற மிகக் குறுகிய செபங்களை அடிக்கடி சொல்வதாகவும், விழிப்பான கவனம் செபத்தின் நீட்சியால் மழுங்கிவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார்.

குறுஞ்செபம் தனித்து நின்ற மருந்தன்று. அந்தோணியாரே சோர்வில் கலங்கியிருந்தபோது, தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு பின்னுவதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து பின்னுவதையும் காட்சியாகக் கண்டு தேறினார் என்று மொழித்தொகுப்பு சொல்கிறது. கைவேலை உடலுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. மனத்தில் எழும் எண்ணங்களை மறைக்காமல் ‘அப்பா’ எனப்பட்ட மூத்த துறவியிடமோ, ‘அம்மா’ எனப்பட்ட மூத்த துறவுப் பெண்மணியிடமோ வெளிப்படுத்தும் வழக்கம் தனிமையின் சுமையைக் குறைத்தது. எவாக்ரியுஸைத் திருச்சபை வாசகராக நியமித்த ஆயர் பசிலியார், மருத்துவக் கலையும் கடவுளின் கொடையே என்று தம் விதிநூலில் எழுதினார். எனவே மருத்துவரை நாடுவதை நம்பிக்கையின் தோல்வியாகக் கருதுவதற்கு இந்த மரபில் அடிப்படை இல்லை.

பிற்காலத்தில் இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் வேண்டும் ‘இயேசு செபம்’ இந்த மரபிலிருந்து உருப்பெற்றது. கெல்லியாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓர் அறையின் சுவரில் அந்தச் செபத்தைப் பற்றிய எழுத்துப்பொறிப்பு கிடைத்துள்ளது. சீனாய் மலையிலும் கிரேக்கத்தின் ஆதோஸ் மலையிலும் வளர்ந்த அந்த வழக்கம், 1782இல் வெனிஸில் அச்சான ‘பிலோகாலியா’ என்ற துறவியர் எழுத்துகளின் தொகுப்பு வழியே, பின்னர் உருசியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது.

நூற்றாண்டுகள் கடந்தும் குறுஞ்செபம் நிலைத்ததற்கு அதன் எளிமையே காரணம். அமைதி அடைந்தபின் செபிக்க வா என்று அது யாரிடமும் கேட்பதில்லை. நடுங்கும் உதடுகளால் சொல்லி முடிக்கக்கூடிய அளவுக்கே அது தன்னைச் சுருக்கிக்கொண்டது.