கேட்கத் தெரிந்தவர்

நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் பெருநூல் ஒன்றை வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸை மானிடவியலாளர் என்றே நம்மில் பலர் அறிவோம். அவர் மருத்துவரும்கூட. முதல் உலகப் போரின்போது, எடின்பரோவை அடுத்த க்ரெய்க்லாக்ஹார்ட் இராணுவ மருத்துவமனையில், போர் அதிர்ச்சியால் மனம் குலைந்த அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். ஈழத்து மருத்துவ எழுத்துகளில் வழங்கும் 'மனவடு' என்னும் சொல் அந்நோய்க்கு மிகப் பொருந்தும்.

நடந்ததை மறந்துவிடு என்பதே அந்நோயாளிகள் எங்கும் கேட்ட அறிவுரை. அவ்வாறு நினைவை அழுத்தி வைப்பதே நோயை வளர்க்கிறது என்று 1917 டிசம்பரில் வாசித்த கட்டுரையில் ரிவர்ஸ் வாதிட்டார். அதில் ஓர் அதிகாரி வருகிறார். குண்டில் சிதறிய நண்பனின் உடல் இரவுதோறும் அவர் கனவில் வந்தது. அவ்வளவு சிதைந்த உடல், நண்பன் நொடிப்பொழுதில் வலியின்றி இறந்தான் என்பதற்கும் சான்றல்லவா என்று ரிவர்ஸ் சுட்டிக்காட்டினார். பின்னர் கனவு வந்தபோது அதில் பழைய திகில் இல்லை. நிகழ்ந்ததை மாற்ற இயலாது. அதற்கு மனம் கற்பித்துக்கொண்ட பொருளை மாற்றலாம்.

ஆனால் ரிவர்ஸ் எத்தனை பேருக்குக் கிடைத்தார்? கவிஞர் சசூனுக்குக் கிடைத்தார். அதே ஆண்டு அங்கே சேர்ந்த வில்ஃப்ரெட் ஓவனுக்கு வாய்த்தவர் ஆர்தர் ப்ராக். உழைப்பே மருந்தெனக் கொண்ட ப்ராக், ஓவனை மருத்துவமனை இதழுக்கு ஆசிரியராக்கினார். (ஒரு கவிஞனுக்கு அதுவும் நல்ல மருந்துதான்.) லண்டனில், பேச்சிழந்த சாதாரணச் சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார் லூயிஸ் யெலண்ட். நோய் ஒன்றே, யாரிடம் போவது என்பதைப் பதவியும் தற்செயலும் தீர்மானித்தன. பேட் பார்க்கரின் 'ரீஜெனரேஷன்' (1991) நாவலைப் படித்தோர் ரிவர்ஸ், யெலண்ட் இருவரையும் மறந்திருக்க மாட்டார்கள்.

வியட்நாம் போர் வீரர்களின் குரலும் சேர்ந்தே இந்நோய்க்கு 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனிப்பெயர் பெற்றுத் தந்தது. குழந்தைகளின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காக ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவர் உருவாக்கியதே மனவடுவை மையப்படுத்திய அறிதல்-நடத்தைச் சிகிச்சை. 229 குழந்தைகளிடம் அவர்கள் நடத்திய ஒப்பாய்வு 2004இல் வெளிவந்தது. பொதுவான ஆறுதல் சிகிச்சையைவிட இது கூடுதல் பயன் தந்தது. வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள். முதலில் உடலையும் உணர்ச்சியையும் அமைதிப்படுத்தும் பயிற்சி. பிறகே, சிறிது சிறிதாக, நடந்ததைக் குழந்தை தன் வாயால் சொல்கிறது. 'என்னால்தான் இப்படி ஆயிற்று' என்னும் எண்ணம் அப்போது வெளிவரும். அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

பெயர் பரவியதும் பழைய கேள்வி வேறு உருவில் திரும்பியது. இச்சிகிச்சை செய்வதாகச் சொல்பவர் உண்மையில் அதைக் கற்றவர்தானா? தெற்குக் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம் 2005இல் இணையவழிப் பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் வந்த சான்றிதழுக்கு அப்பயிற்சி மட்டும் போதாது. நேரடிப் பயிற்சியும், தேர்ந்தவருடன் பல மாதக் கலந்தாய்வும், மூன்று குழந்தைகளுக்கு முழுமையாகச் செய்து முடித்த சிகிச்சையும் வேண்டும். சான்று பெற்றோரின் பட்டியலைப் பெற்றோர் தேடிப் பார்க்கலாம். 1917இன் சிப்பாய்க்கு வாய்க்காத வசதி இது.

பட்டியலில் இல்லாத நல்லவர்களும் உண்டு. அவர்களிடம் மூன்று கேள்விகளை நாம் தயங்காமல் கேட்கலாம்: எங்கே பயின்றீர்கள், யாருடைய மேற்பார்வையில்? குழந்தை நடந்ததைச் சொல்லும் கட்டம் உங்கள் சிகிச்சையில் உண்டா? அதைப் பெற்றோர் எப்போது கேட்பார்கள்? பெற்றோருக்கு வெளியே நாற்காலி போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது இம்முறையன்று. அமர்வுகளில் ஏறத்தாழப் பாதி அவர்களுக்கானது. குழந்தை அந்தக் கதையைத் தாயிடம் வாசித்துக் காட்டுவதற்கு முன்பே, உடைந்து போகாமல் கேட்கத் தாய் பழக்கப்படுகிறாள்.