இளம் ஆட்டக்காரரும் இருவகை ஆட்டமுறையும்

கடல்வழி வந்த பொருள்களிற் சில துறைமுகத்தோடு நின்றுவிடும். சில ஊருக்குள் நடந்து சென்று ஊருடைமையாகிவிடும். உதைபந்தாட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1795ஆம் ஆண்டிலே திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் அங்கிருந்த கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அவர்களுடைய கப்பலாட்கள் கரையிறங்கிய துறைமுகந்தோறும் பந்தும் இறங்கிற்று. தளம் போயிற்று, பந்து தங்கிவிட்டது.

இன்று துறைமுகத்தை அடுத்த பாலையூற்றிலே ஒரு தந்தை தம் பத்து வயது மகனை எந்தக் கழகத்திற் சேர்ப்பது என்று எண்ணுவாராயின், அவர்முன் நிற்கும் வினா மிகப் பழையது. பிள்ளை பந்தைத் தன் காலடியில் வைத்து ஆளுவதை முதலிற் கற்க வேண்டுமா? தோழனுக்கு வழங்கி ஆடுவதை முதலிற் கற்க வேண்டுமா? நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது.

வழக்கின் தொடக்கம் ஆட்டவிதியிலேயே இருக்கின்றது. 1863ஆம் ஆண்டு இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் வகுத்த முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னே நிற்கும் சொந்த அணியினன் அதனைத் தொடலாகாது. முன்னே நிற்பவனுக்குப் பந்தை அனுப்ப இயலாதபோது, அதைக் காலோடு கொண்டு தானே ஓடுவதே வழியாயிற்று. பந்து தவறினால் எடுப்பதற்கெனத் தோழர்கள் பின்னே கூட்டமாக ஓடினர். 1866ஆம் ஆண்டில் இவ்விதி தளர்ந்தது. தனக்கும் எதிரணியின் எல்லைக்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருப்பின், முன்னே நிற்பவனும் பந்தைப் பெறலாம் என்றாயிற்று. பந்துப் பரிமாற்றத்துக்குக் கதவு திறந்தது. ஆயினும் பழகிய கால்கள் உடனே மாறவில்லை.

1872 நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோ நகரின் அருகே ஒரு துடுப்பாட்ட மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் மோதின. நாடுகளுக்கிடையே நடைபெற்ற முதலாவது அதிகாரபூர்வ ஆட்டம் அது. ஸ்கொத்லாந்தின் பதினொருவரும் குயின்ஸ் பார்க் என்னும் ஒரே கழகத்தவர். இங்கிலாந்தினர் உடல் வலிமை மிக்கவர். தனித்தனியே பந்தைக் கொண்டு ஓடுவதில் வல்லவர். உடலால் இலேசான ஸ்கொத்லாந்தினரோ பந்தைத் தம்முட் பகிர்ந்து ஆடினர். ஒருவரும் கோல் பெறாமல் ஆட்டம் முடிந்தது. ஆனால் 1878ஆம் ஆண்டில் ஏழுக்கு இரண்டு, 1881ஆம் ஆண்டில் ஆறுக்கு ஒன்று என ஸ்கொத்லாந்து வென்றபோது, பகிர்ந்தாடுவதன் வலிமையை உலகம் கண்டது. வலியவரை வெல்ல மெலியவர் கண்ட உபாயமே பின்னர் ஒரு பாணியாயிற்று.

நம் அயலிலே இவ்வழக்கை வேறொரு விதமாகத் தீர்க்க முயன்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் பள்ளி ஆசிரியர். 1950ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டில் மறையும் வரை இந்திய உதைபந்தாட்டத்தை வழிநடத்திய பயிற்றுநர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆட்டக்காரர் பலர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி, யூகோசிலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. நான்கு ஆண்டுகளின் பின் மெல்போர்னில் அதே இந்தியா அவுஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டாக வென்று நான்காம் இடம் பெற்றது. 1951ஆம் ஆண்டிலும் 1962ஆம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது.

இவ்வளர்ச்சிக்கு வேராக அமைந்த முறை கவனிக்கத்தக்கது. பந்தைக் காலோடு கொண்டு ஓடக் கூடாது என்ற விதியோடு ரஹீம் சில போட்டிகளை நடத்தினார். அவற்றிலே சிறுவன் தலையை நிமிர்த்தித் தோழனைத் தேடியே ஆக வேண்டும். பழகாத காலால் மட்டுமே ஆடும் போட்டிகளையும் நடத்தினார்; அவற்றிலே வலக்காற் பழக்கமுடையவன் இடக்காலை நம்பக் கற்றான். எந்தக் குறை உண்டோ, அந்தக் குறை தீரும்படி விளையாட்டையே அமைத்தார்.

பன்முகப் பயிற்சியின் பயன் நெருக்கடியில் வெளிப்படும். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில், தலையிற் காயமுற்ற பின்காவலர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இந்தியா பெற்ற இரண்டு கோல்களுள் ஒன்று அவருடையது. அதே அணியின் கோற்காப்பாளருள் ஒருவரான பீற்றர் தங்கராஜ், மதராஸ் படைப்பிரிவில் மைய முன்னணி வீரராக ஆடத் தொடங்கியவர். பத்து வயதிலே ஒருவனுக்கு இடம் குறித்துவிடுவது எத்துணை அவசரம் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

ஐரோப்பாவிலும் வழக்கு ஓயவில்லை. ஒல்லாந்துப் பயிற்றுநர் வீல் கூர்வர், பேராட்டக்காரரின் அசைவுகளைத் திரைப்படத்தில் ஆராய்ந்து, தனித்திறனைப் படிப்படியாகக் கற்பிக்க முடியும் என்று வாதித்தார். பார்சிலோனாக் கழகமோ 1979ஆம் ஆண்டில் தொடங்கிய தன் இளையோர் இல்லத்தில் விரைவான பரிமாற்றத்தை உயிராகக் கொண்டது. 2010ஆம் ஆண்டின் உலகச் சிறந்த ஆட்டக்காரர் தெரிவில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி ஆகிய மூவரும் அவ்வில்லத்தில் வளர்ந்தவர். மூவரும் உருவத்திற் சிறியவர். பரிமாற்றத்தைப் போற்றிய அந்த இல்லத்திலிருந்தே, பந்தைக் காலோடு கொண்டு செல்வதில் நிகரற்ற மெஸ்ஸியும் வந்தார்.

ஆதலின் இரு முறைகளும் பகையல்ல. கால் பந்தை ஆளாதவனுக்குத் தலை நிமிர்த்தத் துணிவு வராது. தலை நிமிர்த்தாதவனுக்குக் காலின் திறன் பயன்படாது. உண்மையான பிளவு பிள்ளையை வளர்க்கும் கழகத்துக்கும், பிள்ளையைக் கொண்டு கிண்ணம் வெல்லும் கழகத்துக்கும் இடையிலேதான் உள்ளது. வெற்றியே நோக்காயின், பன்னிரண்டு வயதிற் பெரிய உடலுடையவன் ஆடுவான். சிறியவன் ஓரத்தில் அமர்ந்திருப்பான். வயதுப் பிரிவுத் தெரிவுகளில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் மிகுதியாக இடம்பெறுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. திறமை என்று எண்ணப்பட்டது பலவேளைகளிற் சில மாத மூப்பேயாகும்.

பாலையூற்றுத் தந்தை அலுமாரியிலுள்ள கிண்ணங்களை எண்ண வேண்டியதில்லை. ஒரு மாலை மைதான ஓரத்தில் நின்று சிலவற்றைப் பார்த்தாற் போதும். சிறிய பையனின் காலுக்குப் பந்து எத்தனை முறை வருகின்றது? பழகாத காலால் உதைத்துத் தவறியவனைப் பயிற்றுநர் கடிகின்றாரா, மீண்டும் உதைக்கச் சொல்கின்றாரா? பின்னே நிற்பவன் சில நாளாவது முன்னே ஆடுகின்றானா? தோற்ற அணியின் சிறுவர் மறுநாளும் விருப்போடு வருகின்றனரா? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்கும் கழகம் எந்தப் பாணியை மேற்கொண்டாலும், அங்கே மகனை நம்பிச் சேர்க்கலாம்.