நாடியைப் பார்க்காதே: ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆய்வின் கதை

1889-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் லண்டனின் பெயர்பெற்ற மருந்தியல் அறிஞர் லாடர் பிரண்டன் ஐதராபாத்தில் இருந்தார். அவரைத் தேர்ந்து அனுப்பியது 'லான்செட்' மருத்துவ இதழ். செலவுக்கு 1,000 பவுண்டு கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான். தீர்க்க வேண்டியிருந்த வழக்கு ஒன்றுதான்: குளோரோஃபார்ம் கொடுக்கும்போது திடீரென்று சாகிறவர்களுக்கு முதலில் நிற்பது மூச்சா, இதயமா? இரண்டில் எதுவானால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். மயக்க மருந்து கொடுப்பவரின் கண்ணும் கையும் அறுவை முழுவதும் எதன்மேல் இருக்க வேண்டும் என்பதை இந்த விடைதான் முடிவு செய்யும். ஆய்வு பெரிதாக நடந்தது, நேர்மையாகவும் நடந்தது. ஆனாலும் அதன் முடிவு தவறாகிப்போனது. அது தவறிய விதம்தான் மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றில் அதற்கு ஓர் இடத்தைத் தருகிறது என்பது என் கருத்து. எத்தனை பிராணிகளைச் சோதித்தாலும், எத்தனை ஆயிரம் அறுவைகளை விபத்தின்றி முடித்தாலும், அரிதாக நேரும் ஒரு சாவின் காரணம் அவற்றிலிருந்து மட்டும் கிடைத்துவிடாது. இறந்தவர்கள் யார், எந்த நிலையில் இறந்தார்கள் என்பதிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். ஐதராபாத் அங்கிருந்து தொடங்கவில்லை.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை மயக்க மருந்தாகப் பலரறியப் பயன்படுத்திக் காட்டினார். மறுவருடம் நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதரைவிட நல்ல மணம், சிறிதளவே போதும், தனிக் கருவி வேண்டாம், ஒரு துணி இருந்தால் வேலை முடிந்தது. மூன்றே மாதத்தில் முதல் சாவு பதிவானது. 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசில் அருகே வின்லேட்டன் என்ற ஊரில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்மை முகர்ந்து சில நிமிடங்களுக்குள் இறந்தாள். அவள் ஏற்கெனவே ஈதர் மயக்கத்தில் ஒரு நகத்தை எடுத்துக்கொண்டு நலமாகத் திரும்பியவள். இம்முறை மிகவும் பயந்திருந்தாள் என்பதும் பதிவாகியிருக்கிறது. இந்தப் பயத்தைப் பற்றிய குறிப்பின் பொருள் விளங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிம்ப்சன் பழியைக் குளோரோஃபார்ம்மேல் போடவில்லை. மயங்கியவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய பிராந்திதான் மூச்சை அடைத்தது என்றார். லண்டனில் ஜான் ஸ்னோ வேறு வழியில் போனார். காலரா ஆய்வுக்காக இன்று உலகம் நினைவில் வைத்திருக்கும் அதே ஸ்னோதான். அவர் குளோரோஃபார்ம் சாவுகளைப் பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார். 1858-இல் அவர் இறந்த பிறகு வெளியான நூலில் ஐம்பது சாவுகளை அலசியிருக்கிறார். மூச்சில் கலக்கும் ஆவியின் அடர்த்தி கூடிப்போனால் இதயமே நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே அடர்த்தியைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தாமே செய்து பயன்படுத்தினார்.

இப்படி இரண்டு கட்சிகள் உருவாயின. லண்டன் மருத்துவர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். எடின்பரோவில் சைம் என்ற அறுவை மருத்துவரின் மரபில் வந்தவர்கள் நாடி பக்கம் போகவே வேண்டாம், மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்றார்கள். சைமிடம் பயின்ற எட்வர்டு லாரி ஐதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராகவும் அங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். ஆசான் சொன்னதைப் பரிசோதனையால் நிறுவிவிட வேண்டும் என்ற துடிப்பு அவருக்கு. 1888-இல் அமைந்த முதல் ஆணையம் தெருநாய்களைப் பிடித்துச் சோதித்து மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று அறிவித்தது. லான்செட் அதை ஏற்கவில்லை, உடலியல் வல்லவர் எவரும் அதில் இல்லை என்பது ஆட்சேபம். நிஜாம் பணம் தந்து பிரண்டனை வரவழைத்த பின்னணி இதுதான். இரண்டாம் ஆணையம் நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைச் சோதித்தது. பலவற்றின் இரத்த அழுத்தத்தை வரைகோடாகப் பதிவு செய்தது. குளோரோஃபார்மால் இதயத்துக்கு ஆபத்து உண்டு என்று நம்பிப் போன பிரண்டனே மனம் மாறினார். நேரடியாக இதயத்தைக் குளோரோஃபார்ம் நிறுத்துவதில்லை, மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கிறது என்று 1890-இல் முடிவு வெளியானது.

இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது அநியாயம். காலனிய நாட்டில் ஒரு சமஸ்தானத்தின் பணத்தில் நடந்தது என்பதால் லண்டன் ஒதுக்கிவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. அந்த மனப்பான்மை அக்காலத்தில் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வழக்கில் அது ஓடாது. லான்செட்டே ஆளனுப்பியது, அறிக்கையை வெளியிட்டது, முடிவு பிடிக்காதபோதும் அடுத்த வேலையைத் தொடங்கியது. ஐதராபாத் மருத்துவப் பள்ளி பின்தங்கிய இடமும் அல்ல. மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த உலகின் முதல் பெண்களில் ஒருவராகக் குறிப்பிடப்படும் ரூபாபாய் ஃபர்தூன்ஜி அங்கே படித்தவர்தான். மூச்சைக் கவனி என்ற பாடத்திலும் பிழையில்லை. மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுப்பாதையைக் காப்பதே இன்றும் மயக்க மருத்துவரின் முதல் கடமை. கோளாறு 'மட்டும்' என்ற சொல்லில் இருந்தது. மூச்சைப் பார் என்பது நோயாளியைக் காக்கும் விதி. நாடியைப் பார்க்காதே என்பது, தன் முடிவுக்கு எதிரான சாட்சியம் கண்ணில் படாமல் காக்கும் விதி. லாரி மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பித்தார்.

லாரியின் வலுவான வாதம் வேறு. தம் முறையில் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தும் ஒரு சாவுகூட இல்லை என்று சொல்லிவந்தார். கேட்கிறவருக்கு இது முடிந்த வழக்காகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. பிற்கால மதிப்பீடுகள் குளோரோஃபார்ம் சாவை ஏறக்குறைய மூவாயிரத்துக்கு ஒன்று என்கின்றன. மூவாயிரம் பேருக்கு மருந்து கொடுத்து ஒருவரும் சாகவில்லை என்றால், அதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது உண்மையான ஆபத்து ஆயிரத்துக்கு ஒன்றைவிட அதிகமாக இருக்க வாய்ப்பில்லை என்பது மட்டுமே. ஆயிரத்துக்கு ஒன்று என்பது சின்ன ஆபத்தா? நகத்தையும் பல்லையும் எடுக்க வருகிறவருக்கு அது பெரிய விலை. ஒரு மருத்துவரின் வாழ்நாள் அனுபவம் இவ்வளவு அரிய விளைவை அளக்கப் போதாது. கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவருக்கும் இது பொருந்தும்.

லான்செட் பிறகு எடுத்த வழி சரியானது. மருத்துவமனைகளிலிருந்து மயக்க மருந்துச் சாவுகளின் விவரங்களைக் கேட்டுத் தொகுத்தது. டட்லி பக்ஸ்டன் அலசிய அந்தத் தொகுப்பு 1893-இல் வெளிவந்தது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடி நின்றவர்கள் அதில் கணிசமாக இருந்தார்கள். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் காஸ்கெல்லும் ஷோரும் குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தளர்த்துகிறது என்று சோதனையில் காட்டினார்கள். ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது. நீண்ட நேரம் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தவர்களைவிட, சின்னச் சிகிச்சைக்கு வந்து மயக்கம் சரியாகப் பிடிக்கும் முன்பே போனவர்கள் ஏன் இத்தனை பேர்? குட்மேன் லெவி 1911 முதல் பூனைகளில் நடத்திய சோதனைகள் இதை அவிழ்த்தன. குளோரோஃபார்ம் இலேசாக ஏறிய நிலையில் உடலில் அட்ரினலின் பாய்ந்தால் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றித் துடித்து நின்றுவிடுகின்றன. பயமும் வலியும் அட்ரினலினைச் சுரக்கச் செய்பவை. ஹன்னாவின் பயம் இங்கே வந்து பொருந்துகிறது. ஐதராபாத்தில் பிராணிகளுக்கு விடாமல் மருந்தைக் கொடுத்து முழு மயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆழத்தில் மூச்சு முதலில் நிற்பது உண்மைதான். மனிதர்கள் செத்துக்கொண்டிருந்ததோ ஆழத்துக்குப் போகும் முன், கரையோரத்தில். சின்ன வேலைதானே என்று கொஞ்சமாகக் கொடுத்து நிறுத்திய மருத்துவரின் கருணையே ஆபத்தைக் கூட்டியிருக்கிறது.

லெவி செய்ததும் விலங்குச் சோதனைதானே, பிறகு ஐதராபாத்தை மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோதனைச்சாலையை நான் குறைத்துப் பேசவில்லை. லெவி மருத்துவமனைச் சாவுகளின் சூழலைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்தார். லாரி சோதனைச்சாலையின் விடையைக் கொண்டுபோய் மருத்துவமனைச் சாவுகளின்மேல் போர்த்தினார். எண்ணிக்கையும் தனியே போதாது என்பதற்கு வேறோர் உதாரணம் இருக்கிறது. பீச்சரும் டாடும் அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் 1948 முதல் 1952 வரை நடந்த 5,99,548 மயக்கங்களைக் கணக்கெடுத்து 1954-இல் வெளியிட்டார்கள். தசைகளைத் தளர்த்தும் கியூராரே வகை மருந்து பெற்றவர்களில் 370-க்கு ஒருவர் மயக்கத்தின் காரணமாக இறந்திருந்தார். அது பெறாதவர்களில் சுமார் 2,100-க்கு ஒருவர். ஆசிரியர்கள் மருந்திலேயே நஞ்சு இருக்கிறது என்று சந்தேகித்தார்கள். தளர்ந்த தசைகள் மீளும் முன் நோயாளியைத் தானே மூச்சுவிடும்படி விட்டதே பெரும் காரணம் என்பது பின்னர் ஏற்கப்பட்ட விளக்கம். எண்ணிக்கை, ஆபத்து எங்கே என்று காட்டியது. ஏன் என்று காட்ட, சாவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1956-இல் பழக்கத்துக்கு வந்து குளோரோஃபார்முக்கு விடைகொடுத்த ஹாலோத்தேன் என்ற மயக்க மருந்தின் கதையும் இதுவே. அது அரிதாகக் கல்லீரலைக் கெடுக்கிறது என்ற சந்தேகத்தைத் தீர்க்க அமெரிக்காவில் சுமார் எட்டரை லட்சம் மயக்கங்களைப் புரட்ட வேண்டி வந்தது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மயக்கத்தோடு தொடர்புடைய சாவுகளை ஆராயத் தனிக்குழு 1960 முதல் இயங்குகிறது. ஸ்னோ தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான் அது. தமிழ்நாட்டுக்கும் இந்த முறை புதிதல்ல. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது எப்படி நேர்ந்தது என்று தணிக்கை செய்யும் வழக்கம் இங்கே 1990-களிலிருந்தே வேரூன்றியிருக்கிறது. யாரைத் தண்டிப்பது என்று கேட்காமல், எது தவறியது என்று கேட்கும் தணிக்கை அது. அறுவை மேசையில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும், அரசு மருத்துவமனை தனியார் மருத்துவமனை என்ற பேதமில்லாமல், அதே தணிக்கையை நீட்டி, ஆண்டுதோறும் அதன் அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும்.